இலங்கைப் புகையிரதம்: கோப்பிக்குப் போட்ட பாதை

இலங்கையில் ரயில் பாதை வேண்டும் என்ற பேச்சை முதலில் எடுத்தவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். 1840களில் கண்டி மலைச்சரிவுகளில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்ட அவர்களுக்கு விளைச்சலைவிடப் பெரிய கவலையாக இருந்தது, அதைக் கொழும்புத் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வெட்டப்பட்ட கொழும்பு – கண்டி வீதியின் நீளம் 72 மைல். அத்தனை தூரமும் மாட்டு வண்டிதான். மழை பிடித்தால் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. மாடுகளிடையே கொள்ளைநோய் பரவினால் வண்டியே கிடைக்கவில்லை. மூட்டைக்குள் ஈரம் ஏறி, தரம் கெட்ட கோப்பி லண்டன் சந்தையில் விலை இழந்தது.

1845இல் லண்டனில் இலங்கை ரயில்வே கம்பெனி ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கோப்பி விலை சரிந்ததும் திட்டம் கிடப்பில் விழுந்தது. 1850களில் விலை மீண்டபோது பேச்சும் மீண்டது. கண்டிக்குப் போகக்கூடிய வழிகளை ஆராய்ந்த பொறியாளர் மூர்சம், செலவு சுமார் எட்டரை இலட்சம் பவுண் ஆகும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கை நம்பி 1858 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். பிறகு கம்பெனியின் பொறியாளர் டோய்ன் நிலத்தை நேரில் அளந்து, 22 இலட்சம் பவுண் வேண்டும் என்றார். இரண்டரை மடங்கு ஏறிய இந்தக் கணக்கில் கம்பெனியின் கதை முடிந்தது. 1861இல் அரசுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் ரத்தானது. பாதையைக் குடியேற்ற அரசே தன் பொறுப்பில் கட்டுவது என்று முடிவாயிற்று.

இலங்கை ரயிலின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இந்த முடிவே அடித்தளம். அதே ஆண்டுகளில் இந்தியாவில் தனியார் கம்பெனிகள் முதலுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு பாதை போட்டன. நட்டம் வந்தால் வரி கட்டுபவர் தலையில், லாபம் வந்தால் லண்டன் பங்குதாரர் கையில். இலங்கையில் நட்டம், லாபம் இரண்டும் அரசின் கணக்கில் வந்தன. அதன் பயனாக, ரயில் ஈட்டிய பணத்தில் அடுத்த பாதையை நீட்டும் வாய்ப்பு தீவுக்குக் கிடைத்தது. எங்கே நீட்டுவது என்பதைத் தீர்மானிப்பதில் நெடுங்காலம் துரைமாரின் குரலே ஓங்கி நின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1863இல் கட்டுமானப் பொறுப்பை ஏற்ற ஒப்பந்தக்காரர் பேவியல், பத்து ஆண்டுகளுக்கு முன் பம்பாய் – தாணா பாதையைப் போட்ட கூட்டு நிறுவனத்தில் பங்காளியாக இருந்தவர். தலைமைப் பொறியாளர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வர்த்; இவரே பின்னர் இலங்கை அரசு ரயில்வேயின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். 1864 டிசம்பர் 27ஆம் தேதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டர் தூரம் முதல் ரயில் ஓடியது. 1865 அக்டோபரில் அந்தப் பாதை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவைப் போலவே இங்கும் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

அம்பேபுஸ்ஸ வரை ஓரளவு சமதரை. றம்புக்கணை தாண்டியதும் மலை எழும்புகிறது. றம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே பாதை ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில், பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக, ஒரு பக்கம் செங்குத்தான பள்ளத்தை ஒட்டியே ஏறுகிறது. நீராவிக் காலத்தில் ஓர் எஞ்சினால் முழு வண்டியையும் இந்த ஏற்றத்தில் இழுக்க முடியாது. றம்புக்கணையில் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளுவார்கள். பாறை உடைத்த கூலிகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். காய்ச்சலும் பாறைச்சரிவும் அவர்களைப் பலிகொண்டன. மோல்ஸ்வர்த்தின் பெயரும் பேவியலின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. இந்தக் கூலிகளின் பெயர்கள் இல்லை. 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. மாட்டு வண்டியில் பல நாள் எடுத்த பயணம் சில மணி நேரத்துக்குள் வந்தது.

அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலைகளில் துருநோய் தென்பட்டது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தொழில் அழிந்துவிட்டது. கோப்பிக்காகப் போட்ட பாதை, அந்தப் பயிர் செத்த பிறகும் சாகாமல் இருந்ததற்குத் தேயிலையே காரணம். 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா என்று பாதை நீண்டது. நானுஓயாவுக்கு அப்பால் ஊவாவுக்குள் போவதா என்பதில் கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையே பல ஆண்டு கடிதப் போக்குவரத்து நடந்தது. கோப்பி விழுந்த நேரத்தில் கடன் வாங்க அனுமதி தர லண்டன் தயங்கியது. கடைசியில் 1894இல் பண்டாரவளை வரை ரயில் வந்தது. அங்கிருந்து பதுளை போய்ச் சேர 1924 ஆயிற்று.

கண்டிச் சீமைக்கு மேலே ஏறும் இந்த மலைப்பாதை உலகின் அகலப் பாதைகளில் தனித்துச் சொல்லத்தக்கது. இத்தகைய மலையில் குறுகிய பாதை போடுவதே அக்கால வழக்கம். இங்கே அகலப் பாதையையே 44 அடிக்கு ஓரடி ஏற்றத்திலும், சுமார் நூறு மீட்டர் ஆரமுள்ள வளைவுகளிலும் கொண்டுபோனார்கள். அதனால் கொழும்பில் ஏற்றிய வண்டி பதுளை வரை பெட்டி மாறாமல் போகிறது. தோட்டத்தில் கட்டிய தேயிலைப் பெட்டியும் அப்படியே இறங்கியது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. தலவாக்கலை அருகே சென்கிளேயர் அருவியை ஜன்னலிலிருந்தே காணலாம். பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீட்டர் உயரத்தில் உள்ளது. தெமோதரையில் உயர வேறுபாட்டைச் சமாளிக்கப் பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்த அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கல்லாலும் சீமெந்தாலும் கட்டி முடிக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கக் குவியும் இடம் அது. ஆனால் அது நூறாண்டாகத் தேயிலையும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கடந்த பாலம் என்பதே அதன் முதல் பெருமை.

ஒற்றைத் தண்டவாளமான மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே மோதாமல் காக்க ஓர் எளிய முறை வைத்திருந்தார்கள். இரு நிலையங்களுக்கு இடையேயான பாதைக்கு ஒரே நேரத்தில் ஓர் உலோக வட்டு மட்டுமே பொறியிலிருந்து வெளிவரும். அதைத் தோல் பைக்குள் வைத்து, பெரிய வளையத்தோடு ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். வட்டு கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அடுத்த நிலையத்துக்கு நகர முடியாது. மின்னணுச் சமிக்ஞைகள் வந்த பின்னும் மலைநாட்டில் இந்த முறை வெகுகாலம் நீடித்தது.

கரையோரப் பாதை 1877இல் பாணந்துறையையும் 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் தொட்டது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டிய துறைமுகமும் ரயிலும் சேர்ந்தபோது, நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் ஒதுங்கிய காலித் துறைமுகம் படுத்துவிட்டது. களனிப் பள்ளத்தாக்கில் 1902இல் அவிசாவளை வரை இரண்டரை அடிக் குறுகிய பாதை போடப்பட்டு, பின்னர் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை நீட்டப்பட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஓடிய இன்னொரு குறுகிய பாதை நாற்பது ஆண்டுகூட நிலைக்காமல் பஸ்ஸுக்கும் லொறிக்கும் தோற்றது.

வடக்குக்கு ரயில் வர மலையகத்தைவிட நாற்பது ஆண்டு பிந்தியது. குருநாகலுக்கு அப்பால் தோட்டம் இல்லை. நெடுங்காடும் மலேரியாவும் பாழடைந்த குளங்களும்தான். ஏற்றுமதிச் சரக்கு இல்லாத ஊருக்குப் பாதை எதற்கு என்பது எதிர்ப்பாளர் கேள்வி. யாழ்ப்பாணத்தாரின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறியபோது வேலை இரு முனையிலும் நடந்தது. காங்கேசன்துறைக்குக் கடல் வழியே தளபாடம் இறக்கி, 1902இல் அங்கிருந்து சாவகச்சேரி வரை தனித்துண்டாக ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் தெற்கிலிருந்து வந்த பாதை அதோடு இணைந்தது. கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரே நாள் பயணத்துக்குள் வந்தன. புகையிலை, வெங்காயம், மிளகாய், கருவாடு தெற்கே போயின. அரசாங்க உத்தியோகம் பார்க்கப் போன யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கொழும்பில் இறங்கினர். ரயில்வேயிலேயே நிலைய அதிபராகவும் எழுதுவினைஞராகவும் அமர்ந்தவர்களும் அவர்களில் நிறையப் பேர். ஓட்டுநர் இருக்கையில் அக்காலத்தில் பெரும்பாலும் பறங்கியர். ஊர் வழக்கில் எல்லோருக்கும் ரயில் கோச்சிதான்.

மதவாச்சியிலிருந்து மேற்கே பிரிந்து தலைமன்னார் போகும் பாதை 1914இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பாம்பன் பாலமும் தனுஷ்கோடித் துறையும் தயாராயின. சென்னை எழும்பூரில் ஏறினால், தனுஷ்கோடியில் கப்பல் மாறி, ஏறக்குறைய 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு கோட்டையில் இறங்கலாம். ஒரே பயணச்சீட்டு போதும். போட் மெயில் என்று இரு கரையும் சொன்னது இதைத்தான். நடுவிலுள்ள மணல் திட்டுகளின் மேலேயே பாலம் கட்டி இரு நாட்டுத் தண்டவாளங்களையும் இணைக்கும் யோசனையும் அந்நாளில் இருந்தது. அது காகிதத்தோடு நின்றது.

இந்தப் பாதையில் மிகுதியாகப் பயணித்தவர்கள் மூன்றாம் வகுப்புத் தோட்டத் தொழிலாளர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுடைய பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தவர்கள் கணக்கில் அடங்காதவர்கள். 1914க்குப் பிறகு, மண்டபம் முகாமில் தடுப்பூசியும் பரிசோதனையும் முடித்து, ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியின் பின்னால் கப்பலேறி, தலைமன்னாரில் கோச்சி ஏறி நேரே மலைநாட்டுக்குப் போனார்கள். உயிர்ச்சேதம் குறைந்தது. கடனோ கங்காணியின் பிடியோ குறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே தீவின் மிகப் பெரிய தொழில் நிலையங்களில் ஒன்றாகியிருந்தது. இலங்கைத் தொழிலாளர் இயக்கம் அதன் பட்டறைகளில் வளர்ந்தது தற்செயல் அல்ல. 1912இல் ரயில்வேத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்திலும் ரயில்வேக்காரர்களே முன்வரிசையில் நின்றனர். கொழும்பு கோட்டை நிலையத்தின் இன்றைய கட்டடம் 1917இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் 1920களின் இறுதியில் ரயில் எட்டியதோடு வலைப்பின்னல் ஏறக்குறைய முழுமை பெற்றது. அதன்பின் தொண்ணூறு ஆண்டுக் காலம் குறிப்பிடத்தக்க புதிய பாதை எதுவும் போடப்படவில்லை.

1930களில் பஸ்ஸும் லொறியும் வருமானத்தைத் தின்னத் தொடங்கின. ரயில்வே அதற்குச் சொன்ன பதில்களில் ஒன்று டீசல். 1938இல் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று டீசல் தொடர்வண்டிகளுக்கு சில்வர் ஃபோம், சில்வர் ஸ்ப்ரே, சில்வர் மிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். பிறகு உலகப் போர் வந்தது. படையினரையும் போர்ச் சரக்கையும் ஏற்றி ஏற்றி எஞ்சினும் பெட்டியும் தேய்ந்துபோயின. சுதந்திர இலங்கையின் கைக்கு வந்தது இந்தத் தேய்ந்த ரயில்தான்.

அதை நிமிர்த்தியவர் பி. டி. ரம்பலா. பயிலுநராகச் சேர்ந்து, 1949இல் தலைமை இயந்திரப் பொறியாளர் பதவியை ஏற்ற முதல் இலங்கையர் ஆனவர். 1955 முதல் 1970 வரை பொது முகாமையாளர். நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியது அவர் காலத்தில். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அளித்த எஞ்சின்கள் 1954இல் வரத் தொடங்கின. அவற்றுக்குக் கனடாவின் மாகாணங்கள், நகரங்களின் பெயர்களே இடப்பட்டன. அவற்றில் சில அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்தன. உருக்குலைந்த பழைய பெட்டிகளைப் பட்டறையிலேயே புதுப்பித்து, நீண்ட தூர விரைவு வண்டிகளுக்கு ஊர்களின் நினைவு தரும் பெயர்களைச் சூட்டினார்கள். ருஹுணு குமாரி தெற்குக்கு, உடரட்ட மெனிக்கே மலைநாட்டுக்கு, உதயதேவி கிழக்குக்கு, யாழ்தேவி வடக்குக்கு. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி விடியற்காலையில் கோட்டையை விட்டுப் புறப்பட்டு, சுமார் 400 கிலோமீட்டர் கடந்து பிற்பகலில் யாழ்ப்பாணத்தை அடையும். விடுமுறைக்கு ஊர் வரும் அரசாங்க ஊழியர், மருதானையில் ஏறும் வியாபாரி, அனுராதபுரத்தில் இறங்கும் யாத்திரிகர் என்று சிங்களமும் தமிழும் ஒரே பெட்டியில் ஒலித்த வண்டி அது.

ஆனால் அதே 1956இல்தான் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. 1958 மே மாதக் கலவரத்தில் பொலன்னறுவை நிலையத்திலேயே ரயில் தாக்கப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. இரண்டு மாதம் கழியும் முன், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. தாத்தாவையும் பாட்டியையும் மலைக்கு ஏற்றிச் சென்ற அதே பாதையில், அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் தகரப் பெட்டியும் பாயுமாகத் தலைமன்னாருக்கு இறக்கப்பட்டார்கள். அட்டன், நாவலப்பிட்டி, கண்டி நிலைய மேடைகளில் வழியனுப்ப வந்தவர்களின் அழுகையைக் கண்டவர்கள் இன்னும் இரு கரையிலும் இருக்கிறார்கள். இலங்கை ரயிலின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சின் வகைகளுக்குத் தரும் இடத்தில் பாதியையேனும் இந்தப் பயணங்களுக்குத் தரவேண்டும்.

உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்குப் பாதைதான் முதலில் அடிபட்டது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1985 ஜனவரியில் இராணுவத்தினரும் சென்ற யாழ்தேவி முறிகண்டி அருகே குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் முற்றிலும் நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போரிட்ட இரு தரப்பும் இதைச் செய்தன. யாழ்ப்பாண நிலையம் கூரை இழந்து, மேடையில் மரம் முளைத்துக் கிடந்தது. தெற்கிலும் ரயில் தப்பவில்லை: 1996 ஜூலையில் தெஹிவளை நிலையத்தில் அலுவலகம் முடிந்து வீடு திரும்பியோர் நிறைந்த வண்டியில் வெடித்த குண்டுகள் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றன. கால் நூற்றாண்டாக வடக்கில் ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தது.

2004 டிசம்பர் 26 காலை கொழும்பிலிருந்து மாத்தறை போன விரைவு வண்டி பெரேலிய என்ற இடத்தில் நின்றிருந்தபோது சுனாமி அதைப் புரட்டிப்போட்டது. முதல் அலையில் பயந்த ஊர் மக்கள் பலரும் பெட்டிகளுக்குள் ஏறியிருந்தார்கள். இறந்தவர் 1,700க்கும் மேல். உலக ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு பதிவானதில்லை. சிதைந்த கரையோரப் பாதையை ரயில்வே ஊழியர்கள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் சீர்செய்து வண்டி ஓட்டினார்கள். இழுத்துச் சென்ற எஞ்சின் மனிடோபாவும் செப்பனிடப்பட்டு மறுபடி ஓடியது. இத்தனை நெருக்கடியிலும் துரிதமாக எழுந்து நின்ற ரயில்வேத் திணைக்களத்தின் உழைப்புக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை.

2009இல் போர் முடிந்தபின் வடக்குப் பாதையை இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் புதிதாகப் போட்டது. பழைய பாதையில் மிஞ்சியிருந்தது மண்மேடு மட்டுமே. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று யாழ்தேவி மீண்டது. ஒவ்வொரு நிலையத்திலும் முதல் வண்டியைப் பார்க்க ஊரே திரண்டது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரையிலும் ரயில் வந்தது. அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் மட்டும் திரும்பவில்லை.

இன்று இலங்கைப் புகையிரதத் திணைக்களத்திடம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய பாதை 1990களில் அவிசாவளை வரை அகலப்படுத்தப்பட்டது. அதற்கு அப்பாலுள்ள இரத்தினபுரித் துண்டு 1970களிலேயே மூடப்பட்டுவிட்டது. சரக்கில் பெரும்பகுதி லொறிகளிடம் போய்விட்டது. கோப்பிக்கும் தேயிலைக்குமாகப் பிறந்த ரயில் இப்போது முக்கியமாகப் பயணிகளையே சுமக்கிறது; காலையில் கொழும்புக்குள் வரும் நெரிசல் வண்டிகளே அதன் அன்றாடம். 2019 ஏப்ரலில் மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 26 கிலோமீட்டர் பாதை, சீனக் கடனில், திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் போடப்பட்ட முதல் பெரிய புதிய பாதை அது. கதிர்காமம் வரை போகவேண்டிய அந்தத் திட்டத்தின் எஞ்சிய பகுதி இன்னும் கட்டப்படவில்லை.